கதியால் இல்லாத வேலி

அந்த மனுசியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊரையும் சொல்லப்போவதில்லை. ஒருவரைப் பற்றி எதைச் சொல்லக்கூடாது என்பதை நான் படித்துக்கொண்ட விதம் அவ்வளவு நல்லதில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் என் வாயில் வந்தது வேறு.

சிட்னிக்கு வெளியே, வண்டிவீடுகள் நிற்கும் ஒரு கரவன் பார்க்கில் ஒன்றரை வருடம் இருந்தோம், முதல் சில மாதம் அவருக்குப் பக்கத்தில். நானும் இவரும் மகளும். இவர் என்றால் என் கணவர். விடுமுறைக்கு வந்து கடலில் குளித்துவிட்டுப் போகிறவர்களின் பார்க் அல்ல அது. வீடு கிடைக்காதவர்கள் வருடக்கணக்காகக் கிடக்கும் இடம். நாங்கள் வள்ளத்தில் வந்தவர்கள். கையில் இருந்தது, முடிவு வரும்வரைக்கும் தருகிற பிரிட்ஜிங் விசா. வாடகை வீட்டுக்கு எத்தனையோ விண்ணப்பம் போட்டோம். விசா என்ன வகை என்ற இடத்துக்கு வந்ததும் ஏஜென்ட்மாரின் சிரிப்பு நின்றுவிடும். கடைசியில் இவரோடு டைல் வேலை செய்த ஒருவர் சொல்லித்தான் இந்தப் பார்க்குக்கு வந்தோம். சக்கரம் கழற்றிய ஒரு பழைய கரவன், அதன் பக்கத்தில் விரித்துக் கட்டிய ஒரு துணிக்கூரை, அதைச் சுற்றிக் கொஞ்சம் புல். இதற்கு 'சைட்' என்று பெயர்.

எங்கள் சைட்டுக்கும் அவர் சைட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. ரோட்டால் சுற்றி வந்தால் கொஞ்சம் நடக்கவேண்டும். அவர் கரவனுக்கு முன்னால் குறுக்கே வந்தால் பத்தடி மிச்சம். வந்த அன்று இவர் சின்ன பிரிட்ஜைத் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். அடுத்த கரவனின் கதவு திறந்தது.

"எக்ஸ்கியூஸ் மீ. திஸ் இஸ் மை சைட்."

"சொறி, சொறி" என்று இவர் இன்னும் இரண்டடி முன்னால் வைத்தார். இன்னும் இரண்டடி வைத்தால் எங்கள் புல். அந்த மனுசி கையை நீட்டி ரோட்டைக் காட்டினார். இவர் பிரிட்ஜோடு திரும்பி, வந்த வழியே போய், ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதுவரை அந்த மனுசி கையை நீட்டியபடியே நின்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான்.

வயது அறுபதுக்கு மேல். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருப்பார். காற்சட்டையும் ஆம்பிளைத் தொப்பியும் போடுவார். இடது காது மடல் எப்போதோ கிழிந்து, அப்படியே ஆறிப்போயிருந்தது. தோடு இல்லை. நிறத்தைப் பார்த்து பீஜிக்காரியாக்கும் என்று நினைத்தோம். அவருடைய கரவன் வெள்ளை, நடுவில் இளம்பச்சைக் கோடு. சைட்டின் நாலு மூலையிலும் வெள்ளை பெயின்ட் அடித்த நாலு கல் வைத்திருந்தார். கயிறு கட்டித்தான் வைத்திருந்தாராம், யாராவது தடுக்கி விழுவார்கள் என்று பார்க் மனேஜர் கழற்றச் சொன்னதால் கல்லுக்கு இறங்கி வந்தாராம்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு பாடம். எங்கள் பிளாஸ்டிக் கதிரைகள் அவர் கதவைப் பார்த்திருக்கின்றன, ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போடவேண்டும். இரண்டு சைட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் நின்றால் மற்றவர் வரக்கூடாது. போகும்போதும் வரும்போதும் ரோட்டைப் பார்த்து நடக்கவேண்டும், யன்னலைப் பார்க்கக்கூடாது. காலையில் ஒரு முறை கையை உயர்த்தலாம், அதே ஆளுக்கு அன்றைக்கு இரண்டாம் முறை உயர்த்தத் தேவையில்லை. யன்னல் திரை கீழே இறங்கியிருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம், உள்ளே இருமல் கேட்டாலும் ஆள் இல்லைத்தான். எல்லாம் ஆங்கிலத்தில், கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. ஒரு தடவையாவது சிரித்திருந்தால் நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பார்க்கில் இருந்த மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தார்கள். ஆனால் அவர்கள் நாங்கள் பிழை விட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். மகள் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, யூ கான்ட் வாக் தெயர்" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரவனுக்குள் சிக்னல் கிடைக்காது. ஆகவே பின்னேரங்களில் வெளியே கதிரை போட்டுத்தான் இவர் தாயோடு கதைப்பார். மாமிக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினால்தான் கேட்கும். அப்போது ஊரில் இவருடைய தம்பியைத் தேடி ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி கொழும்பில் ஒளிந்திருந்தான். எந்த லேனில், யார் வீட்டு மேல்மாடியில், எந்தக் கடையிலிருந்து சாப்பாடு போகிறது என்று மாமி அழுதழுது சொல்லுவா, இவர் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்துவார். சுற்றிவர வெள்ளைக்காரர், பக்கத்தில் பீஜிக்காரி. யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிச்சல். இவர் வைத்ததும் நான் எடுப்பேன், என் தங்கச்சிக்கு. என் கதை பெரும்பாலும் பக்கத்துச் சைட்டைப் பற்றித்தான்.

"உவள் கிழட்டு மூதேவி இண்டைக்கு என்ன செய்தவள் தெரியுமோ? பிள்ளையின்ரை பந்து கல்லுக்கு அங்காலை போட்டுதெண்டு, தடியாலை தட்டி விடுறாள். கையாலை எடுத்துக் குடுத்தாக் கை தேஞ்சு போமாக்கும்."

அவர் பத்தடி தள்ளி, தன் கதிரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் மாதம் மனேஜர் தன்னுடைய சின்ன மின்சார வண்டியில் வந்து ஒரு கடிதத்தைத் தந்தார். பின்னேரங்களில் போனில் சத்தமாகக் கதைக்கிறோம் என்று முறைப்பாடு. முறைப்பாடு செய்தவர் பெயர் இல்லை, தேவையும் இல்லை. இங்கே சுவர் ஒரு விரல் தடிப்புத்தான், காதில் விழுந்ததை விழாத மாதிரி இருப்பதுதான் இங்கே மரியாதை, ஆனால் நீங்களும் கொஞ்சம் உதவி செய்யவேண்டும் என்றார் மனேஜர். போகும்போது, இப்படி மூன்று கடிதம் வந்தால் சைட்டை விட வேண்டியிருக்கும் என்றும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அன்றிலிருந்து போனை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கதைத்தார். கிழவி எங்கள் வாயையும் பூட்டிவிட்டாள் என்று நான் திட்டினேன்.

சனிக்கிழமைகளில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் எழும்பி, நாலு கல்லும் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று நடந்து பார்ப்பார். குதிகாலோடு பெருவிரலை முட்ட வைத்து, கல்லிலிருந்து கல்லுக்கு. ஒரு சனிக்கிழமை இவர் எங்கள் கரவனுக்கு அடியில் படுத்திருந்து கழிவுத் தண்ணீர்க் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தினார்.

"அவ தமிழ்."

"ஆர்?"

"பக்கத்து மனுசி. கல்லை அளக்கேக்குள்ளை வாய்க்குள்ளை எண்ணுறா. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு. சும்மா தமிழ் இல்லை, எங்கடை தமிழ்."

இவருக்குத் தம்பியின் நினைவு. எனக்கு மூதேவியின் நினைவு. மூன்று மாதமாக என்னென்ன பெயர் வைத்தேன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும். வேலிக்கு நடுகிற கதியாலை ஓர் அங்குலம் நகர்த்தி நட்டதற்காகக் கோர்ட்டு ஏறி, கொலை வரைக்கும் போன வேலிச்சண்டைகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை. அந்த இரத்தம் ஓடாத ஒருத்தி இப்படிக் குதிகாலும் பெருவிரலும் வைத்து அளப்பாளா? கதியால் இல்லை, அடைக்கிற கிடுகு ஓலை இல்லை, ஆனால் வேலி அதேதான்.

பொங்கல் வந்தது. கரவன் குசினியில் புக்கை என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைப் பொங்கல் செய்தேன். ஒரு தட்டில் போட்டு, வாழைப்பழமும் வைத்து மூடிக்கொண்டு, அவர் சைட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்பதற்கு அப்போது நல்ல காரணங்கள் வைத்திருந்தேன். பேசியதற்கு மன்னிப்புக் கேட்கலாம், நல்லநாள் பெருநாளில் பக்கத்தில் இருக்கிற தமிழருக்குக் கொடுக்காமல் சாப்பிடுவதா, இப்படி. வெள்ளைக் கல்லடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் நடந்தேன். யன்னல் திரை இறங்கியிருந்தது. உள்ளே ரேடியோ கேட்டது. தட்டினேன். இரண்டாம் தரமும் தட்டினேன்.

கதவு அரைவாசி திறந்தது.

"அன்ரி, பொங்கல். நாங்களும் யாழ்ப்பாணம்தான். நீங்கள் எவடம்?"

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு கல்லடியில் கிடந்த செருப்பைப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"திரை போட்டிருக்கு. கண்டனீரோ?"

அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"கண்டனான் அன்ரி. உள்ளுக்கு நிக்கிறியள் எண்டு தெரியும், அதுதான்..."

"நிக்கிறன் எண்டு தெரிஞ்சும் தட்டினனீர்."

"புக்கை அன்ரி. ஆறமுன்னம் சாப்பிட்டால்..."

"எவடம் எண்டு கேக்கத்தானே வந்தனீர். புக்கை சாட்டு."

கதவு மூடியது. தட்டு என் கையிலேயே இருந்தது. கோபம் வந்தது, ஆனால் அதைவிட வெட்கம்தான் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. எவடம், ஆற்றை மகள், ஆரைக் கட்டினவ, பிள்ளையள் எங்கை என்று வரிசையாகக் கேட்கும் ஆசையில்தான் வெல்லம் உருக்கியிருந்தேன். திரும்பி வந்து அந்தப் புக்கையைக் குப்பையில் கொட்டினேன்.

அடுத்த நாள் இரண்டாவது கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் மற்றவர் சைட்டுக்குள் போனதாக. மனேஜர் இந்த முறை சாதாரணமாகக் கதைக்கவில்லை, ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒன்று. அந்த ஒன்று வந்தால் எங்களுக்குப் போக இடம் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். விசா விசாரணைக்கான அழைப்பு இந்த முகவரிக்குத்தான் வரவேண்டியிருந்தது. அதன்பிறகு நான் என் கரவனுக்குள்ளேயே நுனிக்காலில் நடந்தேன். மகளின் பந்தைக் காற்றுப் பிடுங்கி அலுமாரிக்குள் வைத்தேன். சமைக்கும்போது மூடியைக்கூட மெதுவாக வைத்தேன். யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு புயற்காற்று. நாங்கள் மூவரும் வெளியே போயிருந்தோம். திரும்பி வந்தால் எங்கள் துணிக்கூரை பாதி கிழிந்து தொங்குகிறது. பாதிதான். அவர் பக்கம் பார்த்த பாதியை யாரோ கயிறு போட்டு இறுக்கி, தன் சைட்டுப் புல்லில் முளை அடித்து, அசையாமல் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கப் பாதிக்குக் கை வைக்கவேயில்லை. முளைகள் எல்லாம் கல்லுக்கு அந்தப் பக்கம், ஓர் அங்குலம் கூட இங்கே இல்லை.

இவர் கேட்டார், ரோட்டில் நின்றுதான் கேட்டார். "மற்றப் பக்கத்தையும் கட்டியிருக்கலாமே அன்ரி?"

"அது உங்கடை சைட். கேக்காமல் வரக்கூடாது."

"காத்து அடிக்கேக்குள்ளை ஆரைக் கேக்கிறது?"

"அதுதான் கட்டேல்லை" என்றார் அவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

இவருக்குச் சிரிப்பு வந்தது. "அவவிட்டை ஒரு சட்டம்தான், மற்றவைக்கும் அதுதான், தனக்கும் அதுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் நனைந்து அந்தக் கூரையைத் தைத்தவள் நான்.

அடுத்த சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். இனி நடந்ததுதான் என்னுடைய பங்கு. எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கும்பிட்டு முடித்து, கீழே சாப்பாட்டு இடத்தில் தோசையோடு உட்கார்ந்தேன். எதிரில் ஓர் அன்ரி, டூங்கபியிலிருந்து வந்தவர், நல்ல சேலை, நல்ல கதை. ஊர் கேட்டார், சொன்னேன். என்ன விசா என்று கேட்டார், சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"கரவன் பார்க்கிலை அன்ரி."

அந்த அன்ரியின் முகம் எனக்குத் தெரிந்த விதத்தில் மாறியது. கதிரையில் ஒரு துளி பின்னால் சாய்ந்தார். "கரவனிலையோ? ஐயோ பாவம், பிள்ளையையும் வச்சுக்கொண்டு." அந்தப் பாவத்தை என்னால் விழுங்க முடியவில்லை. வள்ளத்தில் வந்ததுகள் மட்டும் இருக்கிற இடம் இல்லை அது என்று காட்டவேண்டும் போல் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"எங்கடை ஆக்கள் வேறையும் இருக்கினம் அன்ரி. எனக்குப் பக்கத்திலை ஒரு தமிழ் மனுசி, படிச்ச ஆள் போலை கிடக்கு. நல்ல இங்கிலிஷ். ஆனால் விசர். நிலத்தைக் காலாலை அளந்துகொண்டு திரியுது. தலையைக் கட்டையா வெட்டி, ஒரு காதும் கிழிஞ்சு..."

அன்ரி தோசையைப் பிய்த்த கையை அப்படியே வைத்தார்.

"இடது காதோ?"

"ஓம்."

"கடவுளே" என்றார். அதற்குப் பிறகு அவர்தான் கதைத்தார். குவேக்கர்ஸ் ஹில்லில் மகன் இருக்கிறானாம். நல்ல வேலை, பெரிய வீடு. மனுசி இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு வெளிக்கிட்டவவாம். ஊருக்கு, அம்மா கனடாவில் மகளோடு இருக்கிறா என்று சொல்லி வைத்திருக்கிறான் பாவம்.

"என்ன குறை வச்சவன்? தங்கமான பிள்ளை. தனி அறை குடுத்து வச்சிருந்தவன். பேரப்பிள்ளையள் அந்த அறையிலைதான் படுக்கிறது, வாற சனம் உடுப்பு மாத்திறதும் அதுக்குள்ளைதான், கலகலப்பா இருக்கும். இவ என்ன கேட்டவ தெரியுமோ? அறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுத் தா எண்டு கேட்டவ. கேளுமன் கதையை! சொந்த வீட்டுக்குள்ளை ஆரைக் கள்ளன் எண்டு நினைச்சுப் பூட்டு?"

என் தோசை ஆறிவிட்டது. "அன்ரி, நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றேன்.

"சீச்சீ, நான் ஏன் சொல்லுறன்" என்றார் அவர். "எந்தப் பார்க் எண்டு சொன்னனீர்?"

சொன்னேன். சைட் இலக்கம் கூடச் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இரண்டு கடிதம் தந்தவருக்கு என்னிடமிருந்தும் ஒன்று போகட்டும் என்று உள்ளே ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கார் வந்து நின்றன. பெரியவர்களும் குழந்தைகளுமாக ஏழெட்டுப் பேர். கையில் பழப்பை, சாப்பாட்டுப் பெட்டி, பூ. ரோட்டால் வரவில்லை. எங்கள் சைட்டுக்குள்ளால், எங்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு, நேரே குறுக்கே போனார்கள். ஒரு பையனின் கால் பட்டு ஒரு வெள்ளைக் கல் உருண்டது. திரை இறங்கியிருந்தது. யாரும் தட்டவில்லை, கைப்பிடியைத் திருகித் திறந்தார்கள். "அம்மா!" என்று ஓர் ஆள் அழுகிற குரல் கேட்டது. பிறகு எல்லாரும் உள்ளே ஏறினார்கள். கரவன் ஆடியது. பிள்ளைகள் கட்டிலில் குதிப்பது யன்னலால் தெரிந்தது. யாரோ திரைகளை எல்லாம் மேலே ஏற்றினார்கள். "என்னம்மா இது, நாய்க்கூடு மாதிரி" என்று ஒரு பெண்குரல். பிரிட்ஜைத் திறந்து பார்த்து, "பழங்கறி" என்று இன்னொரு குரல். "ஊர் என்ன சொல்லும், எங்களை யோசிச்சியளோ?" என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவருக்கு உள்ளே நிற்க இடம் இருக்கவில்லைப் போல. கொஞ்ச நேரத்தில் வெளியே இறங்கி வந்தார். தொப்பி இல்லை. அவரைத் தொப்பி இல்லாமல் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். உருண்டு கிடந்த கல்லைத் தூக்கி, அது இருந்து வெளிறிய புல்லைத் தேடி, பழைய இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, யன்னலில் நின்ற என்னைக் கண்டார். முதல் தடவையாக என் யன்னலை நேராகப் பார்த்தார்.

நான் வெளியே வந்தேன். கல்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"கோயிலிலையோ?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "உம்மட மனுசன்ரை தம்பி எந்த லேனிலை, எத்தினையாம் இலக்கத்திலை, ஆற்றை வீட்டு மேல்மாடியிலை இருந்தவர் எண்டு எனக்குத் தெரியும். மூண்டு மாசமாக் கேட்டனான். சத்தம் எண்டு எழுதிக் குடுத்தாலாவது வாயை மூடுவியள் எண்டு பாத்தன். எங்கடை சனம் எனக்கும் போன் எடுக்கிறதுகள் ஒண்டு ரெண்டு இருக்கு. நான் ஆருக்கும் சொன்னனானோ?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்.

"நீர் ஒரு தோசை தின்னுற நேரத்துக்குள்ளை சொல்லிப்போட்டீர்."

அவ்வளவுதான். திரும்பிப் போய், தன் கரவனின் படியில், உள்ளே ஏறாமல் உட்கார்ந்தார். உள்ளே யாரோ அவருடைய கேத்திலில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாவது கடிதத்துக்காகக் காத்திருந்தேன். திங்கள் வரவில்லை. செவ்வாய் மனேஜரின் வண்டிச் சத்தம் கேட்டதும் யன்னலடிக்குப் போனேன். வண்டி எங்களைத் தாண்டி அவர் சைட்டுக்குப் போனது. புதன்கிழமை காலையில் ஒரு பிக்கப் வந்து இளம்பச்சைக் கோட்டுக் கரவனைக் கொழுவிக்கொண்டு போனது. நான் திரையை இறக்கிவிட்டு உள்ளே இருந்தேன். அவர் சொல்லித்தந்த பாடங்களில் நான் முதலில் ஒழுங்காகச் செய்தது அதுதான். பின்னேரம் வெளியே வந்து பார்த்தேன். புல்லில் கரவன் நின்ற அடையாளம் மஞ்சளாகக் கிடந்தது. நாலு கல்லையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். போகுமுன் அந்த மூன்றாவது கடிதத்தைத் தந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தந்திருந்தால் கணக்கு முடிந்துவிடும், நானும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

மகன் வீட்டுக்குப் போகவில்லை என்பது அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. அதே அன்ரி அதே இடத்தில் என்னைப் பிடித்தார். "மனுசி திரும்ப ஓடிட்டுது. மகன் தெருத்தெருவா அலையிறான். உமக்கு ஏதும் தெரியுமோ?" அப்போது உண்மையிலேயே தெரியாது.

பிறகு தெரிந்தது. இவர் டைல் வேலைக்காக ஒரு தூர இடத்துக்குப் போய் வந்தவர், சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். "கண்டனான். குதிகாலும் பெருவிரலும் வச்சு அளந்துகொண்டு நிண்டவ." எந்த இடம் என்று கேட்க வாய் உன்னியது. இவர் என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் இவருக்கு எந்த ஊரில் வேலை என்பது எனக்குத் தெரியும், ஆகவே கேட்காமலே தெரிந்துவிட்டது.

இப்போது நாங்கள் ஒரு வீட்டில் இருக்கிறோம். தம்பி பத்திரமாக ஒரு நாட்டில் இருக்கிறான், எந்த நாடு என்று எழுதமாட்டேன். கோயிலில் அந்த அன்ரி இன்னும் கேட்கிறார். ஒருமுறை மகனையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நல்ல பிள்ளைதான், கண் கலங்கித்தான் நின்றான். "அக்கா, ஒருக்கா முகத்தைப் பாத்தாப் போதும். கூட்டிக்கொண்டு வரமாட்டன்" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுடைய பாவம் வேறு, தட்டாமல் திறந்த அந்தக் கதவு வேறு.

"தெரியாது தம்பி" என்றேன். தோசையைத் தின்று முடித்தேன்.

அந்த மனுசியை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. என் புக்கையை வாங்காத கை அது. பாதிக் கூரையைக் காற்றுக்கு விட்ட கை அது. நேரில் கண்டால் நான் ரோட்டைப் பார்த்துத்தான் நடப்பேன், அவரும் அதைத்தான் விரும்புவார்.

இதைப் படிக்கிறவர்களில் அவரைத் தேடுகிறவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கரவனில் இருந்த கோடு இளம்பச்சை இல்லை. கிழிந்தது காது இல்லை. தொப்பியும் காற்சட்டையும் நான் போட்டுவிட்டவை. மகன் வீடு குவேக்கர்ஸ் ஹில்லில் இல்லை, இவர் போன வேலை டைல் வேலையும் இல்லை. மூலையில் இருந்தவை கற்கள் தானா என்பதையும் நான் சொல்லப்போவதில்லை. எங்கேயாவது ஒரு பார்க்கில் இப்படி ஒரு மனுசியைக் கண்டு, இதுதான் ஆள் என்று நினைத்துக் கதவைத் தட்டப் போகிறீர்களா? அது அவர் இல்லை.